தாது வருஷத்தில் மழையும் கூலியும்

1876இல் தென்மேற்குப் பருவமழை ஏமாற்றியது. ஐப்பசி, கார்த்திகையாவது கைகொடுக்கும் என்று காத்திருந்தவர்களை வடகிழக்குப் பருவமழையும் கைவிட்டது. சென்னை மாகாணத்தின் பெரும்பகுதி அடுத்த இரண்டு ஆண்டுகள் பட்டினியில் கிடந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று அது நினைவில் நின்றுவிட்டது. பல லட்சம் பேரைக் கொன்றது வானம்தான் என்ற வாதம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. 2018இல் தீப்தி சிங்கும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, மர வளையங்களையும் பழைய வானிலைப் பதிவுகளையும் கொண்டு அக்காலத்தைப் பரிசோதித்தது. பசிபிக் கடல் வெப்பமடையும் எல் நினோ 1877-78இல் மிகக் கடுமையாக இருந்தது. 1877இல் இந்தியப் பெருங்கடலின் வெப்பநிலையும் இயல்பிலிருந்து மிகையாக மாறியிருந்தது. 1878இல் வட அட்லாண்டிக்கும் வெப்பமுற்றிருந்தது. மூன்று கடல்கள் சேர்ந்து கெடுத்த காலம் அது. வறட்சி மனிதர் செய்ததல்ல.

ஆனால் சாவின் அளவை வறட்சி மட்டும் தீர்மானிக்கவில்லை என்பதற்குச் சாட்சி ஒரே அதிகாரியின் இரண்டு நடவடிக்கைகளில் இருக்கிறது. 1873-74இல் பீகாரில் பயிர் கருகியபோது, பர்மாவிலிருந்து சுமார் 4.5 லட்சம் டன் அரிசி தருவிக்கப்பட்டது. பட்டினிச் சாவு அநேகமாக இல்லை. அதில் முக்கியப் பங்கு வகித்தவர் ரிச்சர்டு டெம்பிள். அரசுப் பணத்தை வாரி இறைத்தார் என்ற வசையே அவருக்குக் கிடைத்தது. 1877 தொடக்கத்தில் வைஸ்ராய் லிட்டன் அதே டெம்பிளைத் தெற்கே அனுப்பினார். இம்முறை அவர் சிக்கனத்தோடு வந்தார். நிவாரண முகாமில் வெயிலில் நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்றார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை வெளிப்படையாக எதிர்த்தார்: உழைக்கும் உடம்புக்கு ஒன்றரை ராத்தலும், கூடவே பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். சென்னை அரசு சில மாதங்களில் பாதி வழி இறங்கிவந்து, படியை ஓரளவு உயர்த்தியது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் கால்வாய் அந்த ஆண்டுகளில் பஞ்ச நிவாரணக் கூலிகளின் கையால் வெட்டப்பட்டதே. அதற்குச் சூட்டப்பட்டதோ ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர்.

பீகார் வறட்சி சிறியது, தெற்கில் நேர்ந்தது பேரிடர், இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பரப்பும் காலமும் பெருகினால் சிலரைக் காப்பாற்ற முடியாமல் போகும். ஆனால் முகாமுக்கு வந்து சேர்ந்து, அரசின் கையிலிருந்தே உணவு வாங்கியவர்களை அந்த வாதம் தொடவே இல்லை. அவர்களுடைய படியைக் குறைத்தது கடல் அல்ல. பலரைக் கொன்றது பசியல்ல, நோய் என்பது அடுத்த மறுப்பு. 1878இன் பிற்பகுதியில், வறட்சி முடிந்த பிறகு, மலேரியா கொத்துக் கொத்தாக வாரிக்கொண்டு போனது உண்மை. ஆனால் அது விழுந்தது எலும்பும் தோலுமான உடல்களின்மேல். கார்னிஷின் கவலையும் முகாமில் ஒட்டிப்போன இந்த உடல்களைப் பற்றியதுதான். மழை திரும்பியதும் துயரம் முடிந்துவிடவில்லை: உழவு மாடுகள் மடிந்துபோனதால், மழை வந்தும் ஏர் பூட்ட வழியில்லாத குடும்பங்களும் இருந்தன.

1880இன் பஞ்சக் கமிஷன் அறிக்கையை ஒட்டி எழுந்த பஞ்ச விதித்தொகுப்புகள், ஆபத்தின் அறிகுறிகளாக மழையளவை மட்டும் பார்க்கச் சொல்லவில்லை. தானிய விலை ஏறுகிறதா, மக்கள் ஊர்விட்டு அலைகிறார்களா என்பதையும் கவனிக்கச் சொல்லின.