கூறு கட்டிய பிரதி

பிரதி சிதறுண்டது என்று நாம் எழுதாத பக்கம் இல்லை. ரொலான் பார்த் 1967இல் ஆசிரியனின் மரணத்தை அறிவித்ததிலிருந்து மூலப் பிரதி, முழுமைப் பிரதி எல்லாவற்றையும் சந்தேகித்தோம். சந்தேகித்தது சரிதான். ஆனால் பிரதியைச் சிதறடிக்கிற வேலையை வாசகன் மட்டுமா செய்கிறான்? கடைக்காரனும் செய்கிறான், சந்தையில் மீனைக் கூறு கட்டுவது மாதிரி.

2013 செப்டம்பரில் 'ஸ்டார் ட்ரெக் இன்டு டார்க்னஸ்' படத்தின் டிவிடியும் ப்ளூ-ரேயும் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. பாராமவுண்டின் வெளியீடு, இயக்கம் ஜே. ஜே. ஆப்ராம்ஸ். படம் உருவான விதத்தைச் சொல்லும் குறும்படங்களையும் வட்டில் சேர்ப்பது அன்றைய வழக்கம். 2009இல் வந்த முந்தைய படத்தின் வட்டில், இயக்குநரும் சகாக்களும் படம் ஓட ஓடப் பேசிச்செல்லும் விளக்கவுரைகூட இருந்தது. இந்த முறை அதையெல்லாம் பங்கு வைத்துவிட்டார்கள். டார்கெட் கடையில் வாங்கினால் சில குறும்படங்கள் கூடுதல். பெஸ்ட் பை கடையில் வாங்கினால் வேறு சில. அதுவும் வட்டில் இல்லை, சினிமாநவ் என்ற அந்தக் கடையின் இணையச் சேவையில் போய்ப் பார்க்கணும். விளக்கவுரை வேணுமா? ஆப்பிளின் ஐட்யூன்ஸில் படத்தை வாங்கு. எல்லாம் வேணும் என்கிறவன் ஒரே படத்தை மூன்று இடத்தில் வாங்கித் தொலைக்கணும்.

இது ரசிகர்கள் பாடு, நமக்கென்ன என்று தோழர்கள் கேட்கலாம். ஒரு பண்பாட்டுப் பொருளைக் காசு கொடுத்து வாங்கியவனுக்கு அதன்மேல் என்ன உரிமை என்பதுதான் இங்கே பிரச்சினை. இந்தப் பிரச்சினைக்கு நூறு வயசு தாண்டிவிட்டது. பாப்ஸ்-மெரில் பதிப்பகம் 'தி காஸ்ட்அவே' என்ற நாவலில், ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று அச்சடித்திருந்தது. நியூயார்க்கின் மேசிஸ் கடை 89 சென்ட்டுக்கு விற்றது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1908இல் தீர்ப்பு: ஒரு படியை விற்றுவிட்டால், அந்தப் படியை அடுத்தவன் என்ன விலைக்கு விற்கிறான் என்பதில் பதிப்பாளன் தலையிட முடியாது. ஜெயித்தவன் ஒரு பெரிய வியாபாரிதான். இருந்தாலும் அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் பழைய புத்தகக் கடை, பின்னாளில் வாடகை வீடியோ கடை எல்லாமே பிழைத்தன.

வீடியோ கடைக்காரன் ஏறத்தாழ 80 டாலர் கொடுத்து ஒரு கேசட்டை வாங்குவான்; நூறு பேருக்கு வாடகைக்கு விடுவான். அந்த வாடகையில் ஸ்டுடியோவுக்குச் சல்லிக்காசு கிடையாது. இந்த எரிச்சலுக்குப் பாராமவுண்ட் கண்ட மருந்து விலையைக் குறைப்பது. 1982இல் திரைக்கு வந்த 'ஸ்டார் ட்ரெக் 2: த ராத் ஆஃப் கான்' படத்தின் கேசட்டை 39.95 டாலருக்குப் போட்டது. வாடகைக்கு எடுக்காதே, வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள் என்று அர்த்தம். 1,20,000 கேசட்டுகள் விற்றன. அன்றைக்கு அது சாதனை. நோக்கம் லாபம்தான், சந்தேகமில்லை. ஆனால் வாங்கியவன் கைக்கு வந்தது முழுப் படம்.

2013 படத்தின் வில்லனும் அதே கான்தான். கான் நூனியன் சிங் என்று முழுப் பெயர். வட இந்தியச் சீக்கியனாகக் கற்பனை செய்யப்பட்டவனை முதலில் மெக்சிகோக்காரர் ஒருவரும் பிறகு வெள்ளை ஆங்கிலேயர் ஒருவரும் நடித்தது தனிக் கட்டுரைக்கான விஷயம், இருக்கட்டும்.

1997இல் டிவிடி அமெரிக்காவுக்கு வந்த பிறகு படம் விற்பவன் ஆள் மாறினான். பாலும் சட்டையும் விற்கிற பேரங்காடிகள் புதுப் படத்தை நஷ்ட விலைக்குக்கூடக் கொடுத்துக் கூட்டத்தை உள்ளே இழுத்தன. எல்லாரும் விலையைக் குறைத்துவிட்டால் அப்புறம் எதை வைத்து இழுப்பது? அங்கேதான் 'எங்களிடம் மட்டும்' என்கிற முத்திரை பிறந்தது. 2007இல் 'டிரான்ஸ்பார்மர்ஸ்' வட்டோடு வால்மார்ட்டில் ஒரு முன்கதை அனிமேஷன். டார்கெட்டில் ரோபோவாக உருமாறும் பெட்டி. பொம்மைதானே, போகட்டும் எனலாம். 2009இல் அதன் இரண்டாம் பாகத்தில் பொம்மையோடு நிற்கவில்லை. ஐமேக்ஸ் கேமராவில் எடுத்த காட்சிகள் சட்டகம் உயர்ந்து விரியும் வடிவம் வால்மார்ட் வட்டில் மட்டும். மற்ற கடைகளில் வாங்கியவனுக்கு மேலும் கீழும் வெட்டுண்ட பிம்பம். சட்டகம் என்பது சினிமாவில் உறையல்ல, அதுதான் வாக்கியம். எவன் எந்த வாக்கியத்தைப் படிக்கலாம் என்று தீர்மானிக்கும் இடத்தில் வால்மார்ட் வந்து உட்கார்ந்தது. ஊழியர்கள் சங்கம் அமைத்த சில மாதங்களில், 2005இல், கியூபெக்கில் ஒரு கடையையே இழுத்து மூடிய அதே வால்மார்ட்.

பார்த் பேசிய பன்மைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அங்கே வாசிப்பு பெருகியது. இங்கே பெருகியது பற்றாக்குறை. முதலில் வெட்டு, வெட்டிய பிறகு முழுமைக்கான ஏக்கம், அந்த ஏக்கத்துக்கு ஒரு விலைச்சீட்டு. 2014 செப்டம்பரில் பாராமவுண்ட் இரண்டு ஸ்டார் ட்ரெக் படங்களையும் ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்தது. முந்தைய வருஷம் மறைத்த விளக்கவுரை அதில் இருந்தது. ஐமேக்ஸ் சட்டகமும் இருந்தது. ஏற்கெனவே வாங்கியவர்கள் மறுபடி வரிசையில் நின்றார்கள்.

முழுமை என்ற கருத்தையே கேலி செய்து பழகிய நமக்கு, இந்த வரிசையில் நின்றவனோடு பேச ஒரு மொழி இல்லாமல் போனது. அவன் ஏமாளி இல்லை. தான் வாங்கியது தனக்குச் சொந்தம் என்று 1908ஐ நம்பியவன். அந்த நம்பிக்கையின் அடிமண்ணும் அதே 2013இல் சரிந்தது. ஐட்யூன்ஸில் வாங்கிய பாட்டுக் கோப்புகளை மறுவிற்பனை செய்த ரீடிஜி நிறுவனத்தின் மீது கேபிட்டல் ரெக்கார்ட்ஸ் போட்ட வழக்கில், முதல் விற்பனை விதி இந்தக் கோப்புகளின் மறுவிற்பனைக்குப் பொருந்தாது என்று நியூயார்க் நீதிமன்றம் மார்ச்சில் சொல்லிவிட்டது. 2018இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவு.

சினிமாநவ் 2017இல் மூடப்பட்டது. பெஸ்ட் பை 2024இல் படவட்டுகள் விற்பதையே நிறுத்திக்கொண்டது. வால்மார்ட் விற்ற 2009ஆம் வருஷத்து வட்டை இன்றைக்கும் எவனும் எவனுக்கும் கைமாற்றிவிடலாம். பாராமவுண்டு கேட்க முடியாது.