மாத்திரையை நிறுத்திய முதல் ஆள்

(கொஞ்சம் நீளமான இழை. நேரம் இருக்கும்போது நிதானமா படிங்க.)

1.
"ஐயா, பையன் இப்ப நல்லாத்தான இருக்கான். பொறவு எதுக்கு மாத்திர திங்கணும்?"

திருநெல்வேலிப் பக்கம் மருத்துவம் பார்க்கிற எவரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு மாதத்தைக் கடக்க முடியாது. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம், எங்கிருந்து வந்தாலும் கேள்வி இதேதான். "டாக்டர் சொன்னா சாப்பிடணும்" என்று ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் கேள்வி நியாயமானது. அதற்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறும் இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

2.
முதல்ல மெல்போர்னுக்குப் போவோம். வருடம் 1948. ஜான் கேட் என்ற மனநல மருத்துவர், லித்தியம் என்ற சாதாரண உப்பை ஒரு நோயாளிக்குக் கொடுத்துப் பார்க்கிறார். நோயாளிக்கு வயது 51. முதல் உலகப் போரில் பங்கேற்றவர். ஐந்து ஆண்டுகளாக அடங்காத மனஎழுச்சி நோயோடு மருத்துவமனையில் கிடந்தவர். மருத்துவ வரலாற்றில் அவர் பெயர் 'டபிள்யூ.பி.' என்ற இரண்டு எழுத்து மட்டும்தான்.

மார்ச் கடைசியில் மருந்து தொடங்கினாங்க. ஜூலையில் அவர் வீட்டுக்குப் போய், பழைய வேலையிலும் சேர்ந்துட்டார். ஐந்து வருட நோய் சில மாதங்களில் அடங்கியது.

3.
அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? வீட்டுக்குப் போன ஆறு மாதத்தில், "நல்லாத்தானே இருக்கோம்" என்று மாத்திரையில் அசட்டையானார். பிறகு அடியோடு நிறுத்தினார். சில வாரங்களில் நோய் திரும்பியது. மறுபடி மருத்துவமனை, மறுபடி லித்தியம், மறுபடி தெளிவு.

அதாவது, நவீன மனநல மருந்தில் குணமான முதல் ஆளே, மாத்திரையைத் தானாக நிறுத்திய முதல் ஆளும் கூட. நம்ம ஊர் அம்மா கேட்கிற கேள்விக்கும் அந்த மருந்துக்கும் ஒரே வயசு!

கதை அதோட முடியலை. 1950இல் டபிள்யூ.பி. இறந்தார். காரணம், உடம்பில் லித்தியம் அளவு மீறி நஞ்சானது. ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்து மருந்து கொடுக்கும் வழக்கம் அன்று வந்திருக்கவில்லை. இன்று லித்தியம் எடுப்பவர்களுக்கு ரத்தப் பரிசோதனை கட்டாயம் என்று சொல்வதற்குப் பின்னால் இப்படிப்பட்ட சாவுகள் இருக்கு. ஒரே மனிதரின் வாழ்க்கையில் இரண்டு பாடம். சொல்லாமல் நிறுத்துவதும் ஆபத்து, கண்காணிக்காமல் கொடுப்பதும் ஆபத்து.

4.
இனி நம்ம ஊருக்கு வருவோம். மருந்து வருவதற்கு முன் இங்கே என்ன இருந்தது?

சென்னையில் 1794லேயே மனநோயாளிகளுக்கான விடுதி வந்துவிட்டது. 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியது. ஆனால் பொருநைக் கரையில் இருந்த ஒரு விவசாயக் குடும்பத்துக்குக் கீழ்ப்பாக்கம் எவ்வளவு தூரம்! அதனால் மக்கள் பக்கத்தில் இருந்ததைத் தேடிப் போனாங்க. குற்றால அருவியில் தலை காட்டினால் பித்தம் தெளியும் என்பது இன்றைக்கும் நம்ம பக்கம் பேசப்படுகிற நம்பிக்கை. கோயில், தர்கா, அந்தோணியார் கோயில் என்று சாமி பேதம் பார்க்காமல் போனாங்க. எதுவும் பலிக்காதபோது வீட்டுத் திண்ணையில் ஒரு தூண், காலில் ஒரு சங்கிலி. அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவங்களுக்கு வேறு வழி தெரியலை.

5.
"இதெல்லாம் இங்கிலீஷ் மருந்து, நமக்கு ஒத்துக்காது" என்பவர்களுக்கு ஒரு தகவல். மனநோய்க்கு நவீன மருத்துவம் ஏற்றுக்கொண்ட முதல் மருந்துகளில் ஒன்று நம் நாட்டு மூலிகையில் இருந்து வந்தது. அதுதான் சர்ப்பகந்தா. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வளரும் செடி.

1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர், இந்த வேர் மனநோய்க்கும் ரத்தக்கொதிப்புக்கும் பயன்படுகிறது என்று இந்திய மருத்துவ இதழில் எழுதினாங்க. 1952இல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரிசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தாங்க. 1954இல் அமெரிக்காவில் நேதன் கிளைன் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்து முடிவுகளை வெளியிட்டார். பிறகு அதைவிட மேலான மருந்துகள் வந்ததால் ரிசர்பின் பின்னுக்குப் போனது. அது தனிக்கதை.

6.
அதே 1952இல் பாரிஸில் குளோர்ப்ரோமசின் மனநோய்க்குப் பயன்பாட்டுக்கு வந்தது. ஆயுள் முழுக்க மருத்துவமனைச் சுவருக்குள் இருக்க வேண்டியவர்கள் வீட்டுக்குத் திரும்பலாம் என்ற நிலை வந்தது.

இந்தியாவில் இந்த மாற்றத்தைச் சுமந்தது குடும்பம். 1950களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் போட்டு உறவினர்களைத் தங்க வைத்தார். வேலூர் சி.எம்.சி.யிலும் நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் தங்கும் முறை வந்தது. 1961இல் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் முதல் பெண் கண்காணிப்பாளரான டாக்டர் சாரதா மேனன், நோயாளி வீடு திரும்பிய பிறகு வாழ்கிற வாழ்க்கைதான் முக்கியம் என்று கடைசிவரை உழைத்தார். 1984இல் சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கியவரும் அவரே.

நல்ல மாற்றம்தான். ஆனால் ஒன்றைக் கவனிங்க. மாத்திரை கொடுக்கும் பொறுப்பு வீட்டுக்கு வந்தபோது, மாத்திரையை நிறுத்தும் முடிவும் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. நிறுத்துவது எப்படி என்று மட்டும் யாரும் வீட்டுக்குச் சொல்லித் தரவில்லை.

7.
வீட்டில் எப்போதெல்லாம் மாத்திரை நிற்கிறது? நான் பார்த்தவரை:

• நல்லாயிட்டான், இனி வேண்டாம் என்று.
• பெண் பார்க்க வர்றாங்க, மாத்திரை அட்டை கண்ணில் படக்கூடாது என்று. கல்யாணத்துக்கு அப்புறம் புகுந்த வீட்டில் ஒளித்துச் சாப்பிட முடியாமல்.
• கர்ப்பம் என்று தெரிந்த அன்றே, பயத்தில்.
• உடம்பு பெருத்துப் போச்சு, எந்நேரமும் தூக்கம், கை நடுக்கம், தாம்பத்தியத்தில் சிக்கல் என்று. இதை வெளியே சொல்லக் கூச்சம்.
• வெள்ளம், ஊரடங்கு மாதிரி நேரத்தில், மருந்து கிடைக்காமல். 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி வீட்டுக்குள் வந்தபோது மாத்திரை டப்பாவும் சேர்ந்துதான் போனது.
• சாமிகிட்ட விட்டுட்டோம், இனி மருந்து எதுக்கு என்று.

இந்தக் கடைசிக் காரணத்துக்கு நம் மாநிலம் கொடுத்த விலை மிகப் பெரியது.

8.
2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடி. (நாங்குநேரி பக்கத்து நம்ம ஏர்வாடி இல்லீங்க, ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி.) அங்குள்ள தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைத் தங்க வைக்கத் தனியார் நடத்திய விடுதிகள் நிறைய இருந்தன. கனவில் உத்தரவு வந்தால்தான் ஊர் திரும்புவது என்பது நம்பிக்கை. உத்தரவு வரும்வரை பலருக்குச் சங்கிலி.

அன்று விடியற்காலை ஒரு கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

ஒரு வாரத்தில் அரசு அந்த விடுதிகளை மூடியது. 500க்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்புக்கு வந்தாங்க. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்று பிரிவு 95இல் எழுதப்பட்டது. அந்த வரிக்குப் பின்னால் 28 உயிர் இருக்கு.

9.
இதைப் படித்துவிட்டு "அப்போ கோயில், தர்கா எல்லாம் மோசம்" என்று முடிவு கட்டாதீங்க. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினாங்க. சில வாரத் தங்கலில் நோய் அறிகுறிகளின் அளவு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அங்கே சங்கிலி இல்லை, அடி இல்லை. அன்பான இடம், சின்னச் சின்ன வேலை, கூடவே உறவினர்.

ஆறுதல் தரும் இடம் ஆறுதல் தரும், அதில் சந்தேகமே இல்லை. பின்னாளில் அதே ஏர்வாடியில் 'தவா துவா' என்ற பெயரில் மருந்தும் பிரார்த்தனையும் ஒன்றாக நடக்க அரசே ஏற்பாடு செய்தது. சாமியா மருந்தா என்று யாரும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. திருநீறும் பூசலாம், மாத்திரையும் போடலாம்.

10.
சரி, திடீரென்று நிறுத்தினால் உடம்பில் என்னதான் ஆகும்? இரண்டு விஷயம் நடக்கலாம். இரண்டும் வேறு வேறு.

ஒன்று, விலகல் அறிகுறி. மாதக்கணக்கில் மருந்தோடு பழகிய மூளை, அது திடீரென்று இல்லாமல் போனால் தடுமாறும். சில நாட்களிலேயே தெரியும். தலைசுற்றல், குமட்டல், தூக்கமின்மை, எரிச்சல், தலைக்குள் 'ஷாக்' அடித்த மாதிரி உணர்வு.

தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை வகையில் இது வலிப்பு வரைக்கும் போகலாம். 1961லேயே லியோ ஹாலிஸ்டர் இதைக் காட்டினார். அதிக அளவில் லிப்ரியம் எடுத்த 11 பேருக்குத் திடீரென நிறுத்தியபோது 10 பேருக்கு அறிகுறி வந்தது, 2 பேருக்கு வலிப்பே வந்தது. அல்பிரசோலம், குளோனசெபாம் வருடக்கணக்கில் எடுப்பவர்கள் இதைக் கவனத்தில் வையுங்க.

இன்னொன்று, நோய் திரும்புவது. இது பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் கழித்து வரும். அதனால்தான் "நிறுத்தி ஒரு மாசம் ஆச்சு, ஒண்ணும் ஆகலியே" என்று ஏமாந்து போகிறோம். முதல்முறை மனச்சிதைவு வந்தவர்களை ஐந்தாண்டு தொடர்ந்த அமெரிக்க ஆய்வு (1999), மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் ஏறக்குறைய 5 மடங்கு என்றது. லித்தியத்தை நிறுத்திய பின் வந்த நோய்த் தாக்கங்களில் பாதிக்கு மேல் முதல் 10 வாரங்களுக்குள் வந்தவை என்று 1991இல் ஒரு தொகுப்பாய்வு சொன்னது.

11.
மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையானவன் இல்லை.

எல்லோருக்கும் ஆயுள் முழுக்க மாத்திரை தேவையில்லை. முதல்முறை மனச்சோர்வு வந்து குணமானவர்கள், அதன்பின் குறைந்தது ஆறு மாதமாவது தொடர்ந்துவிட்டு மருத்துவரோடு பேசி நிறுத்த முடியும். மனச்சோர்வு மருந்தை நிறுத்தும் எல்லோருக்கும் விலகல் அறிகுறி வருவதும் இல்லை. 2024இல் வந்த பெரிய தொகுப்பாய்வின் கணக்கு, மருந்தால் வருவது ஆறேழு பேரில் ஒருவருக்கு.

மனச்சிதைவிலும் விவாதம் முடியலை. 2013இல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று, அளவைக் குறைத்தவர்கள் ஏழாண்டு கழித்து வாழ்க்கையில் நன்றாக மீண்டதாகச் சொன்னது. 2023இல் இங்கிலாந்தில் 253 பேரிடம் நடந்த ஆய்வில், மெல்லக் குறைத்தும் இரண்டாண்டில் வாழ்க்கைத் தரத்தில் மேன்மை இல்லை. கடுமையாக நோய் திரும்பியவர்கள் குறைத்தவர்களில் 25 சதவீதம், தொடர்ந்தவர்களில் 13 சதவீதம்.

ஆக, நிறுத்தலாமா என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒளிவுமறைவாக, ஒரே நாளில் நிறுத்தலாமா என்பதற்கு மட்டும் ஒரே பதில்தான். கூடாது.

12.
குறைப்பதிலும் ஒரு நுணுக்கம். குறுக்குத்துறையில் படி இறங்கியிருப்பீங்க. மேல்படியெல்லாம் சுலபம். தண்ணிக்குள்ள இருக்கிற கடைசிப் படிதான் காலை வாரும். மருந்தும் அப்படித்தான். 20 மில்லிகிராமை 10 ஆக்கும்போது மூளையில் ஏற்படும் மாற்றம் சின்னது. 5ஐ பூஜ்யமாக்கும்போதுதான் பெரிய பள்ளம். அதனால் கடைசிப் படிகளை இன்னும் சின்னதாக, இன்னும் மெதுவாக வைக்கணும் என்று 2019க்குப் பிறகு வலியுறுத்தத் தொடங்கியிருக்காங்க. சிலருக்கு இதற்கு வாரங்கள் போதும், சிலருக்கு மாதங்கள் ஆகும்.

13.
இப்போ என் தவறு ஒன்றைச் சொல்றேன். நான் தொழிலுக்கு வந்த புதுசு. ஒரு இளைஞர் காய்ச்சலுக்கு வந்தார். பேச்சுவாக்கில், "சார், மனநல மாத்திரையை மூணு வாரமா போடலை" என்றார். நான் கத்திவிட்டேன். "உனக்கெல்லாம் புத்தி சொல்லி என்ன பிரயோசனம்" என்று. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு வரவே இல்லை.

அவர் ஏன் நிறுத்தினார் என்று நான் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொல்ல வந்தவரை, இனி யாரிடமும் சொல்லாதே என்று சொல்லி அனுப்பிவிட்டேன். டபிள்யூ.பி. மருந்தை நிறுத்தியதை அவர் உறவினர்கள் மருத்துவமனையில் சொன்னார்கள், மறுபடி மருந்து கிடைத்தது. என்னிடம் வந்தவருக்கு அந்த வாய்ப்பை நான் தரவில்லை.

14.
அதனால் கேட்டுக்கிறேன்:

• ஏற்கெனவே நிறுத்திட்டீங்களா? வெட்கப்படாம உங்க மருத்துவரிடம் சொல்லுங்க. பழைய அளவை நீங்களாகத் திடீரென மறுபடி தொடங்காதீங்க. சில மருந்துகளைச் சின்ன அளவிலிருந்துதான் திரும்பத் தொடங்கணும்.
• நிறுத்த ஆசையா? "இதை எப்போ, எப்படிக் குறைக்கலாம்?" என்று நேராகக் கேளுங்க. அது உங்க உரிமை. பக்கவிளைவு இருந்தால் மருந்தை மாற்றவும் வழி உண்டு.
• கர்ப்பமா? பயந்து ஒரே நாளில் நிறுத்தாம, அந்த வாரமே மருத்துவரைப் பாருங்க.
• குடும்பத்தாரா? திட்டாதீங்க. ஏன் என்று கேளுங்க. தூக்கம் குறைவது, தனியே ஒதுங்குவது, பேச்சு மாறுவது ஆகியவற்றைக் கவனிங்க.
• வலிப்பு, குழப்பம், நாள்கணக்கில் தூக்கமின்மை இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்க.
• சாகணும் என்ற எண்ணம் வந்தால் 14416 (டெலி மானஸ்) அல்லது 104. இரண்டும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.
• பணம் தடையா? அரசு மருத்துவமனைகளில் அடிப்படை மனநல மருந்துகள் இலவசம். பாளையங்கோட்டையில் நம்ம அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கு.

15.
முதலில் கேட்ட அம்மாவுக்கு என் பதில் இதுதான்: "நல்லாத்தான் இருக்கான்மா, சந்தோஷம். இப்படியே எத்தனை நாள் இருக்கணும், எப்போ குறைக்க ஆரம்பிக்கலாம்னு அவன் மனநல டாக்டர்கிட்ட நாம மூணு பேரும் சேர்ந்து கேப்போம். அதுவரைக்கும் ஒரு வேளை கூட விட்றாதீங்க. விட்டுட்டா, என்கிட்ட மறைச்சிடாதீங்க. நான் ஏச மாட்டேன்."

யாருக்காவது உதவும்னு தோணினா பகிருங்க.