கார்ன்வாலிஸ் கோட்டைக் கொடி

பினாங்குத் தீவின் வடகிழக்கு முனையில், காடு வெட்டித் திருத்திய மணல்திட்டில், 1786 ஆகஸ்ட் 11 அன்று கிழக்கிந்தியக் கும்பினியின் பிரான்சிஸ் லைட் பிரிட்டிஷ் கொடியான யூனியன் ஜாக்கை ஏற்றினார். நமக்குப் பழக்கப்பட்ட வடிவம் அல்ல அது. அயர்லாந்துக்கான சிவப்புக் குறுக்குப்பட்டைகள் 1801இல்தான் அந்தக் கொடியில் சேர்ந்தன. கம்பத்தைச் சுற்றி முதலில் மரவேலி எழுந்தது. 1804 வாக்கில் அது செங்கலால் ஆன கார்ன்வாலிஸ் கோட்டையானது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட கைதிகள்.

அந்தக் கொடிக்கு ஒரு விலை பேசியிருந்தார்கள். சயாம் படையெடுத்தால் கும்பினி துணைக்கு வரும் என்ற நம்பிக்கையில்தான் கெடா சுல்தான் அப்துல்லா தீவைக் கொடுக்க முன்வந்தார். லைட் நம்பிக்கை கொடுத்தார். கல்கத்தாவில் இருந்த மேலிடம் ஒப்பவில்லை. ஏமாந்த சுல்தான் 1791இல் தீவை மீட்கப் பார்த்துத் தோற்றார். 1821இல் சயாம் கெடாவைப் பிடித்தது. காப்பாற்றாத அந்த வாக்கு, ஏற்றியபோதே கொடிமீது ஏறிய கடன்.

1867 முதல் பினாங்கு நேரடியாக முடியாட்சியின் குடியேற்ற நாடு. அங்கே பிறந்த சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் யுரேசியரும் பிரிட்டிஷ் பிரஜைகள். ஆனால் 1904இல் லண்டன் ஒரு விதி போட்டது: மலாயாவின் உயர்நிலை ஆட்சிப்பணிக்கு வருபவர் தாய்வழியிலும் தந்தைவழியிலும் கலப்பற்ற ஐரோப்பியராக இருக்கவேண்டும். தலைநகர் ஜார்ஜ் டவுனின் நார்த்தம் சாலையில் சீனக் கோடீஸ்வரர்களின் மாளிகைகள் வரிசைகட்டி நின்றன; அதே சாலையில் இருந்த பினாங்கு கிளப்பில் அவர்களுக்கு இடமில்லை. ரயில்பெட்டியில் இனத்தைப் பிரித்து உட்காரவைப்பது சட்டப்படி சரியே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896இல் தீர்ப்பளித்திருந்தது. அங்கே வெள்ளையருக்கு, கறுப்பருக்கு என்று பலகை தொங்கியது. இங்கே பலகைக்குத் தேவை இல்லை. அவரவர் எங்கே நிற்கவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இரண்டாம் உலகப் போரில், 1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனுக்கு மேல் வந்தன. வேடிக்கை பார்க்கத் தெருவில் கூடியவர்கள்மேல் குண்டு விழுந்தது. பீச் ஸ்ட்ரீட்டும் சந்தைப் பகுதியும் எரிந்தன. பிணங்களை எடுக்க ஆள் இல்லை. முதலில் ஐரோப்பியப் பெண்களையும் குழந்தைகளையும் கப்பலேற்றினார்கள். 16ஆம் தேதி இரவு ஐரோப்பிய அதிகாரிகளும் படையினரும் ஓசையின்றிப் புறப்பட்டார்கள். தொண்டர் படையில் இருந்த ஆசியர்கள் விரும்பினால் உடன் வரலாம். குடும்பத்தை அழைத்துவரக் கூடாது. பெரும்பாலோர் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

எல்லாரும் போனபிறகும் கோட்டையில் யூனியன் ஜாக் பறந்துகொண்டிருந்தது. அது பறக்கும்வரை விமானங்களும் வரும். அதை இறக்கியவர் ஒரு தமிழர்: 'ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. கொழும்பிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்த இலங்கைக்காரர். அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவர் கொழும்பின் முதல் மேயர். இன்னொருவர் பெயரில்தான் கொழும்பின் பி. சரா மைதானம் இருக்கிறது. ஆட்சி விட்டுப்போன ஊரில் சீனரையும் மலாய்க்காரரையும் இந்தியரையும் யுரேசியரையும் சேர்த்து ஒரு சேவைக் குழு அமைத்து, கொள்ளையை அடக்கி, சோற்றுக்கு வழிசெய்தவரும் அவரே. யூனியன் ஜாக் இருந்த இடத்தில் வெள்ளைக்கொடி ஏற்றினார். காக்க ஆளில்லாத ஊர் இது, குண்டு போடாதீர்கள் என்று ஜப்பானியருக்குத் தெரிவிக்க வேறு வழி இல்லை. 19ஆம் தேதி அவர்கள் வந்து இறங்கினார்கள். பின்னர் அவரையே சிறையிலும் அடைத்தார்கள்.

பினாங்கு மக்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டுவிட்டனர் என்று சிங்கப்பூர் வானொலியில் அமைச்சர் டஃப் கூப்பர் பேசினார். தீவில் இருந்த லட்சக்கணக்கானோர் அவர் கணக்கில் வரவே இல்லை. சிங்கப்பூர் ஆசியர்கள் கொதித்தார்கள். இனி வெளியேற்றத்தில் இன பேதம் இராது என்று ஆளுநர் ஷென்டன் தாமஸ் உறுதி சொல்ல நேர்ந்தது. அதே 1941இன் ஜூனில்தான் அமெரிக்காவில், வாஷிங்டனை நோக்கி ஊர்வலம் வருவோம் என்று கறுப்பினத் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் எச்சரித்ததால், போர்த் தளவாடத் தொழிற்சாலைகளில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் ஆணையில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். போருக்கு எல்லாருடைய உழைப்பும் வேண்டியிருந்தது. அந்த இக்கட்டில்தான் சமத்துவம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தது.

1945 செப்டம்பர் 3 அன்று பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் கரையிறங்க, யூனியன் ஜாக் மறுபடி ஏறியது. அதை எல்லாரும் வெறுத்தார்கள் என்று சொன்னால் பொய். 1948இல் மலாயாக் கூட்டமைப்பு வந்தபோது, பிரிட்டனின் கீழேயே தனித்து இருப்போம் என்று பினாங்கில் ஓர் இயக்கம் கிளம்பியது. குறிப்பாக, நீரிணைச் சீனர்கள் பலர் அதில் நின்றார்கள். 1949 பிப்ரவரியில் அவர்களின் தீர்மானம் தோற்றது. புதிய பெரும்பான்மையின் கீழ் என்ன ஆவோமோ என்ற பயத்தில், ஒருமுறை கைவிட்ட கொடியையே அவர்கள் மறுபடி அண்டினார்கள்.

கொடியை இறக்கியவர் வேறு பக்கம் போனார். இலங்கையின் தூதராக இந்தோனேசியாவில் இருந்த சரவணமுத்து, 1955 ஏப்ரலில் 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடிய பாண்டுங் மாநாட்டின் கூட்டுச் செயலகத்தில் இலங்கைக்காக அமர்ந்தார். அங்கே நியூயார்க் ஹார்லெமின் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் ஆடம் கிளேட்டன் பவல் வந்திருந்தார். கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் வந்திருந்தார். அமெரிக்க அரசால் கடவுச்சீட்டு மறுக்கப்பட்ட கறுப்பின அறிஞர் டு போய்ஸும் பாடகர் பால் ரோப்சனும் செய்தி மட்டும் அனுப்பினார்கள். ஏழு மாதம் கழித்து, டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவின் மாண்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் வெள்ளையருக்காகப் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்தார்.

1957 ஆகஸ்ட் 31 அன்று பினாங்கிலும் யூனியன் ஜாக் இறங்கியது. இந்த முறை முறைப்படி, அணிவகுப்போடு. அடுத்து ஏறிய கொடிக்கு ஓர் அரசியலமைப்பு உண்டு. சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது அதன் 8ஆம் பிரிவு; மலாய்க்காரரின் சிறப்பு நிலையைக் காக்கிறது 153ஆம் பிரிவு. இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று மலேசியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் அந்த வாதத்துக்கு நீதிமன்றம் உண்டு, நாடாளுமன்றம் உண்டு, வாக்குச்சீட்டு உண்டு. 1941இல் கப்பலேற்றும் பட்டியலை எதிர்த்துக் கேட்கப் பினாங்கு ஆசியர்களுக்கு இதில் ஒன்றுகூட இல்லை. அவர்களிடம் இருந்ததெல்லாம், காப்பாற்றுவோம் என்று ஆள்பவர்கள் சொன்ன வாக்குத்தான்.