நுண்ணிழைச் செல்லுலோஸ் படலம்

மரக்கூழிலுள்ள நார்களைச் சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் வரை தடிப்புள்ள நுண்ணிழைகளாகப் பிரித்து, நீரில் பரப்பி, வடித்து, அழுத்தி உலர்த்துவதால் கிடைக்கும் உறுதிமிக்க தாள். 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் டர்பாக் முதலியோர் கூழை உயரழுத்தத்தில் நுண்துளை வழியே செலுத்தி இழை பிரித்தனர். அதற்கு மின்சக்தி மிகுதியாக விரயமாயிற்று. ஜப்பானில் இசோகாய், சைட்டோ ஆகியோர் டெம்போ என்னும் வினையூக்கியால் இழைகளின் மேற்பரப்பை ஆக்சிஜனேற்றி, எதிர்மின்னூட்டம் பெற்ற இழைகள் ஒன்றையொன்று விலக்குமாறு செய்தமையால், சாதாரணக் கலக்கலே போதுமானதாயிற்று. இம்முறைக்கு 2015-இல் மார்க்கஸ் வாலன்பெர்க் பரிசு கிட்டியது.

உலரும்போது நெருங்கிப் படியும் இழைகளிடையே எண்ணற்ற ஹைட்ரஜன் பிணைப்புகள் உண்டாவதால், படலத்தின் இழுவலிமை 200 மெகாபாஸ்கலையும் கடக்கக்கூடும். இடைவெளிகள் ஒளியலையினும் சிறியனவாயின் படலம் கண்ணாடிபோல் தெளியும். உலர்ந்த நிலையில் ஆக்சிஜனை நன்கு தடுக்கும் இது, ஈரத்தில் தளர்ந்துவிடுவது பெருங்குறை. உணவுப் பொட்டலத்திற்கு இது உகந்தது என்போர் இக்குறையைச் சிறிதாக்கியே கூறுகின்றனர்.

மூலதத்துவம் புதிதன்று. கூழை இடித்து நார்களைச் சிலிர்க்கச் செய்தால் தாள் வலுப்பெறும் என்பது கைக்காகிதத் தொழிலாளர் அறிந்ததே. 1934-இல் தோன்றிய அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கத்தின் செயலாளராக அக்கைத்தொழிலைப் போஷித்தவர் ஜே. சி. குமரப்பா. இன்று மும்பையிலுள்ள மத்தியப் பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் பருத்தியிலிருந்தும் இத்தகைய நுண்ணிழைகளை (நானோசெல்லுலோஸ்) எடுக்கிறது.