சிவப்பு முக்கோணம் மலையேறிய கதை

நீலகிரியின் பந்தலூர் வட்டாரத்தில் ஓர் அறிவிப்பைத் தமிழில் மட்டும் எழுதி வைத்தால் எல்லோருக்கும் போய்ச் சேராது. சேரம்பாடி, கொளப்பள்ளி, நெல்லியாளம் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்; கடைத்தெருவில் மலையாளமும் கலக்கும்; பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர் குடியிருப்புகளில் அவரவர் பேச்சு. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்காக அரசு போட்ட தேயிலைத் தோட்டங்கள், இன்றைய டேன்டீ நிறுவனத்தின் தோட்டங்கள், இங்கே பரவிக் கிடக்கின்றன. பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்க வாய்க்காதவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். இப்படிப்பட்ட ஊர்களுக்காகவே பிறந்தது, குடும்பக் கட்டுப்பாட்டின் சின்னமாகத் தலைகீழாக நிற்கும் சிவப்பு முக்கோணம்.

குடும்பக் கட்டுப்பாட்டை 1952-லேயே அரசுத் திட்டமாக்கிய நாடு இந்தியா. ஆனால் பிரசாரம் ஆளுக்கொரு படம், ஊருக்கொரு வாசகம் என்று சிதறிக் கிடந்தது. 1960-களின் நடுவில் டெல்லியில் அந்தத் திட்டத்தின் விளம்பரப் பொறுப்பை ஏற்ற தீப் தியாகி, ஃபோர்டு அறக்கட்டளை ஆலோசகர் ஃபிராங்க் வைல்டரோடு சேர்ந்து, நாடு முழுக்க ஒரே சின்னம், ஒரே சேதி என்று முடிவு செய்தார். முக்கோணம், அதோடு அப்பா, அம்மா, மகன், மகள் என நான்கு சிரித்த முகங்கள், இரண்டு மூன்று பிள்ளைகள் போதும் என்று அந்தந்த மொழியில் ஒரு வரி.

வெள்ளையடித்த சுவர், ஒரு முழ நூல், மூன்று கோடு, சிவப்புப் பெயின்ட் ஒரு டப்பா. முகம் வரையத் தெரியாத பெயின்டரும் முக்கோணத்தைப் பிசகாமல் போட்டுவிடலாம். நல்ல சின்னத்துக்கு இதைவிடப் பெரிய இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

முக்கோணத்துக்குப் பின்னாலேயே 1968-இல் நிரோத் ஆணுறை கடைக்கு வந்தது. மூன்று உறை 15 காசு. விநியோகித்தவர்களில் தேயிலை நிறுவனங்களான புரூக்பாண்டும் லிப்டனும் உண்டு. தேயிலைத்தூள் எந்தப் பெட்டிக்கடைக்குப் போனதோ, அதே வழியில் அதுவும் போனது.

தோட்டங்களுக்குள் கதை வேறு மாதிரி. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தோட்ட முதலாளிகள் சங்கம் உபாசி, தன் மருத்துவ ஆலோசகர் வி.ஐ. சாக்கோவின் முயற்சியில், 1971-இல் நீலகிரியின் மூன்று தோட்டங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கருவுறாத ஒவ்வொரு மாதத்துக்கும் பெண் தொழிலாளி பேரில் நிர்வாகம் ஐந்து ரூபாய் போடும்; பிள்ளைகள் அளவுக்கு மேல் போனால் சேர்ந்ததில் ஒரு பகுதி கழியும்; மிச்சம் பிற்காலத்தில் கைக்கு வரும். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குத் தன் பேரில் ஒரு சேமிப்பு என்பது அன்று சாதாரணமல்ல, அதை மதிக்கிறேன். ஆனாலும் கூலி கொடுப்பவரே அவள் கர்ப்பத்துக்கும் கணக்கு வைப்பது நெருடுகிறது. சுவரில் சிரித்தவை நான்கு முகங்கள். பேரேட்டில் இருந்தது அம்மாவின் பெயர் மட்டும்.

பிறகு நெருக்கடி நிலை. 1976-77 என்ற ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள். வட மாநிலங்களில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். முக்கோணத்தின் ஒரு கோடுகூட மாறவில்லை, ஆனால் அதைக் கண்டால் மக்கள் ஓடினார்கள். 1977-இல் புதிய அரசு குடும்பக் கட்டுப்பாட்டுத் துறையின் பெயரையே ‘குடும்ப நலம்’ என்று மாற்றவேண்டி வந்தது.

சமூக மாற்றத்துக்கான வடிவமைப்பைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்த முக்கோணத்தின் எளிமையைக் காட்டுகிற அதே வகுப்பில் 1976-ஐயும் சொல்ல வேண்டும். பந்தலூருக்கு ஒரு சுகாதாரப் பலகை வரையச் சொன்னால், மாணவர் வண்ணம் தேர்வதற்கு முன் அங்கன்வாடிக்கும் பாடி எனும் தொழிலாளர் குடியிருப்புக்கும் போய் உட்கார்ந்து, சொல்லப்போவதை மறுக்கும் உரிமை கேட்பவருக்கு இருக்கிறதா என்று விசாரிக்கட்டும். கோடு போடுவது அப்புறம்.

தியாகி 1969-லேயே இறந்துவிட்டார். நெருக்கடி நிலையை அவர் பார்க்கவில்லை. 1989-இல் அமெரிக்கரான ஃபில் ஹார்வி தொடங்கிய டி.கே.டி. இன்டர்நேஷனல் தியாகியின் முழுப்பெயரின் முதலெழுத்துகளையே தாங்கி, பல நாடுகளில் குறைந்த விலைக்குக் கருத்தடைச் சாதனங்கள் விற்கிறது. முக்கோணமும் கடல் தாண்டி கானா, காம்பியா, ஜிம்பாப்வே வரை போய், அங்கே மருத்துவ நிலைய வாசல்களில் ஏறியது.