அரசாங்கம் வாங்கிய தண்ணீர்

அரசாங்கக் கொள்முதல் என்றதும் மேசை, நாற்காலி, காகிதம் ஆகியவைதாம் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அரசாங்கம் எதை வாங்குகிறது, எப்படி வாங்குகிறது என்பதைப் பொறுத்துப் புதிய தொழில்நுட்பம் வளரவும் செய்யலாம், முடங்கவும் செய்யலாம். சிங்கப்பூர்த் தண்ணீரின் வரலாறு இதற்கு நல்ல சான்று.

ஜொகூர் நீரை மட்டுமே நம்பியிருக்க இயலாது என்பதால், கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்த 1974ஆம் ஆண்டிலேயே முன்னோடி ஆலை ஒன்று அமைக்கப்பட்டது. செலவு மிக அதிகம். வடிகட்டும் சவ்வுகளையும் நம்ப முடியவில்லை. எனவே அம்முயற்சி கைவிடப்பட்டது. சவ்வுகளின் தரம் உயர்ந்து விலையும் இறங்கிய பிறகு, 2000ஆம் ஆண்டில் பிடோக்கில் நாளுக்கு 10,000 கனமீட்டர் நீர் தரும் செயல்விளக்க ஆலை எழுந்தது. ஈராண்டுச் சோதனைக்குப் பின், அந்நீர் பாதுகாப்பானது என்று அனைத்துலக நிபுணர் குழு உறுதி கூறியது. 2003இல் புதுநீர் ஆலைகள் திறக்கப்பட்டன. இங்கே சோதனைச் செலவையும் தோல்வியையும் அரசாங்கமே ஏற்றுக்கொண்டது.

அடுத்து வந்தது கடல்நீர். பொதுப் பயனீட்டுக் கழகம் ஓர் ஆலையை விலைக்கு வாங்கியிருக்கலாம். ஆனால் அது ஆலையை வாங்கவில்லை, தண்ணீரை வாங்கியது! வடிவமைப்பு, கட்டுமானம், உரிமை, இயக்கம் எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. குறித்த தரத்தில் நீர் வந்தால் பணம். துவாஸில் 2005இல் திறக்கப்பட்ட சிங்ஸ்பிரிங் ஆலை நாளுக்கு 30 மில்லியன் கேலன் தரும் திறனுடையது. ஒப்பந்தக் காலம் 20 ஆண்டுகள். முதலாண்டு விலை கனமீட்டருக்கு 78 காசு. மின்சாரத்தை எப்படி மிச்சப்படுத்துவது, எந்தச் சவ்வைப் பொருத்துவது என்பதெல்லாம் நிறுவனத்தின் மூளைக்கு விடப்பட்ட வேலை. மிச்சப்படுத்தினால் லாபம் அதற்கே. புதுமைக்கு இதைவிட நல்ல தூண்டுகோல் ஏது?

2011இல் இரண்டாவது ஆலைக்கான ஏலக்குத்தகையை ஹைஃபிளக்ஸ் நிறுவனம் வென்றது. முதலாண்டு விலை 45 காசு மட்டுமே! ஆலையோடு மின்நிலையமும் கட்டி, எஞ்சிய மின்சாரத்தை விற்பது அதன் திட்டம். ஆனால் மின்விலை சரிந்தது, நட்டம் பெருகியது. 2018 மே மாதத்தில் நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. ஏறத்தாழ 34,000 சிறு முதலீட்டாளர்களின் 900 மில்லியன் வெள்ளி கேள்விக்குறியானது. 2019 மே 18ஆம் தேதி கழகம் துவாஸ்பிரிங் நீராலையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதற்குக் கொடுத்த விலை பூஜ்யம் வெள்ளி.

நம் வீட்டுக் குழாய்கள் வறளவில்லை. பொதுமக்களின் நீரை ஒப்பந்தம் காத்தது உண்மை. ஆனால் அபாயம் காற்றில் கரைந்துவிடவில்லை. அது சேமிப்பை நம்பியிருந்த குடும்பங்களின் வாசலில் போய் நின்றது.

எனவே குறைந்த விலை வரும்போது, "இந்த மலிவு எங்கிருந்து வருகிறது?" என்று வாங்குபவர் கேட்டே ஆக வேண்டும். சிறந்த சவ்விலிருந்து வந்தால் அது புதுமை. நாளைய மின்விலையை நம்பி வந்தால் அது பந்தயம். விளைவை வாங்கும் அரசாங்கம் இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொண்டால், புதுமையும் வளரும், மக்களின் சேமிப்பும் நிலைக்கும்.