சோழன் சூடிய ஆத்தி நம் வாசலில்

வேடசந்தூர்ப் பக்கம் வாசலில் அழகுக்கு ஒரு மரம் வைக்க நினைச்சா, முதல்ல தண்ணியைத்தான் யோசிக்கணும். ஏற்ற மரம் நம்ம வரலாற்றிலேயே இருக்கு.

சேரனுக்குப் பனை, பாண்டியனுக்கு வேம்பு, சோழனுக்கு ஆத்தி. மூவேந்தர் சூடிய மூன்றுமே வறட்சி தாங்குபவை. ஔவையாரின் ஆத்திசூடியிலும் இதே ஆத்திதான்.

மந்தாரை இதற்குப் பங்காளி. இரண்டுக்கும் இலை மாட்டுக் குளம்பு போலப் பிளந்திருக்கும். அந்த இரட்டை இலையைப் பார்த்துத்தான், பௌகின் என்ற அண்ணன் தம்பி இருவரின் நினைவாக, தாவர அறிஞர்கள் இந்த இனத்துக்குப் 'பௌகினியா' என்று பெயர் வைத்தார்கள்.

ஹாங்காங்கில் 1997 முதல் கொடியில் இருப்பதும் ஒரு மந்தாரைப் பூதான். இரண்டு மந்தாரைகள் கலந்து பிறந்த மரம் அது. பூ பெரிசு, நிறம் அழகு. ஆனா விதை பிடிக்காது. ஒட்டுக் கட்டியும் குச்சி நட்டும்தான் பெருக்குகிறார்கள். அதை 'விதைக் கன்று' என்று யாராவது விற்றால் ஏமாந்துவிடாதீர்கள்.

தண்ணீர் வசதி இருந்தால் மந்தாரை வையுங்கள். இல்லாதவர்களுக்கு ஆத்தியே போதும். பூ சிறிசு, வெளிர் மஞ்சள். காய்ந்த நெற்றின் விதையை ஓர் இரவு ஊறவைத்துப் பையில் போடுங்கள். ஐப்பசி மழையில், ஒன்றரை அடிக் குழியில் மட்கிய தொழுவுரம் போட்டுக் கன்றை நடுங்கள். ஆடு விரும்பித் தின்னும். இரண்டு வருஷம் முள்வேலி அவசியம்.

அரசன் தலையில் இருந்த பூ, நம்ம வாசலிலும் பூக்கட்டும்.